நுளம்பு ராசனின் வரவு

இரண்டு தென்னைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய ஒரு வெள்ளைத் துணி. என் வாழ்க்கையில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்த பொருள் அதுவாகத்தான் இருக்கும். தன் முகத்தைக்கூட நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று என் மனைவியே சொல்லியிருக்கிறாள். துணிக்குப் பின்னால் வாவி. பொழுது பட்டதும் தண்ணீர்ப் பக்கமிருந்து காற்று எழும்பும். துணி வயிறு ஊதும். அதில் ஓடுகிற படமும் சேர்ந்து ஊதும். கரையில் பாய் விரித்து இருந்தவர்கள் ஒரு பக்கம் பார்ப்பார்கள். தோணியை நிறுத்திவிட்டு அதிலிருந்தபடியே பார்ப்பவர்கள் மறுபக்கம். தோணிக்காரருக்கு எல்லாம் இடம் வலம் மாறித்தான் தெரியும்; எல்லா மனிதரும் இடதுகையால் சோறு தின்கிற ஒரு உலகம். அதனால் கதையில் ஏதும் குறை கண்டதாக அவர்களில் ஒருவரும் சொன்னதில்லை. அந்தத் துணியின் மூலையிலிருந்து ஒரு நுளம்பு, கன்றுக்குட்டியளவு பெரிசாக, மீசையோடு பறந்து வரும். வந்து, நல்ல மட்டக்களப்புத் தமிழில் பேசும்.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. நான் அரசாங்கப் படவண்டியில் ஒப்பரேட்டராக இருந்தேன். மின்சாரத்துக்கு ஓர் எஞ்சின், படம் ஓட்டும் மெஷின், துணி, நாலைந்து படச்சுருள்கள், இவற்றை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவது வேலை. கிணற்றுக்குக் கட்டுக் கட்டுவது எப்படி என்று ஒரு படம். எங்கள் பக்கத்து வயல் வட்டைகளில் யாரும் செய்யாத முறையில் நாற்று நடுவது எப்படி என்று இன்னொரு படம். அவற்றைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. சனம் வந்தது கடைசியில் போடும் பொம்மைப் படத்துக்கு. இப்போது பிள்ளைகள் கார்ட்டூன் என்கிறார்களே, அதற்கு. மலேரியா நுளம்பு ஒரு வீட்டுக்குள் புகுந்து படுத்தும் பாடும், கடைசியில் மருந்துப் புகையில் அது விழுந்து சாவதும்தான் கதை. எங்கிருந்தோ கப்பலில் வந்த படம். எங்களிடம் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. அதில் வாய்க்குள் கொதிகஞ்சி வைத்தவர் போல ஒருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போவார். சனம் நுளம்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அது என்ன சொன்னது என்று ஒருவரையொருவர் கேட்டபடி பாயைச் சுருட்டும். ஆகவே எங்கள் அரசாங்கக் கந்தோரில் யோசித்து, தமிழில் பேசிக் காட்ட ஓர் ஆளை நாட்சம்பளத்துக்கு எடுத்தார்கள். அப்படித்தான் கட்டியகாரர் என் வண்டிக்கு வந்து சேர்ந்தார்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அவருடைய ஊர். கூத்தில் அரசர்கள் வருமுன் களரிக்கு வந்து, வரப்போகிறவரின் பெருமையைச் சொல்லி, இடையிடையே பகிடி விட்டுச் சனத்தைச் சிரிக்க வைக்கிற கட்டியகாரன் வேஷம் அவருக்கு. ஆட வந்த நாள் முதல் அதே வேஷம்தான். முடி தரிக்கிற முகவெட்டு அவருக்கு இல்லை என்று அவர்களுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாராம். ஊரே அவரைக் கட்டியகாரர் என்றது. நான் அண்ணன் என்றேன். பதினைந்து வயதாவது என்னைவிட மூத்தவர். ஒடிந்து விழுவது போன்ற உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய காதுகள். அந்த உடம்புக்குள் ஒரு ஊரே குடியிருந்தது. துறையில் ஆள் ஏற்றுகிறவன், காய்ச்சல்காரக் குழந்தை, கோபித்துக்கொண்ட எருமை, தமிழ் படித்து வந்த கொழும்பு அதிகாரி, எல்லாரும் வண்டிக்குள் மாறி மாறிப் பேசிக்கொண்டு வருவார்கள். சாரதி சிரித்து வண்டியை வயலுக்குள் விட்டுவிடுவானோ என்று எனக்குப் பயமாக இருக்கும். அவருடைய சொந்தக் குரல் எது என்று நான் யோசித்ததுகூட இல்லை.

அவர் வேலை பழகிய விதத்தை நான் மறக்கவில்லை. முதலில் படத்தை ஆறு தரம் போடச் சொன்னார். ஆறு தரமும் வாயே திறக்கவில்லை. விரல் மடித்து எண்ணிக்கொண்டு, நுளம்பின் வாய் அசையும்போது தன் கால் பெருவிரலை அசைத்துக்கொண்டு இருந்தார். ஏழாவது தரம் ஆங்கிலக்காரரின் சத்தத்தை அடைக்கச் சொல்லிவிட்டு மைக்கை எடுத்தார். படத்தில் வரும் பசுவின் குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. வீட்டுக்காரி தொண்டையிலிருந்து. நுளம்புக்கு மட்டும் மூக்கின் ஒரு பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டார். “ஒரே ஒரு துளி புள்ள, உனக்கிட்டத்தான் நிறையக் கிடக்கே” என்று அது வீட்டுக்காரியின் காதடியில் கெஞ்சியபோது, பகல் வெளிச்சத்தில் கந்தோர்ச் சுவருக்கு முன்னால் நின்ற எனக்கே கழுத்து அரித்தது.

ஆனால் அவருக்கு மனம் ஆறவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். கேட்டபோது சொன்னார்: “வரவு பாடாம ஒருத்தன் களரிக்குள்ள வந்து கதைக்கிறதா தம்பி? இவன் என்ன, வேலியால பூந்து வந்த கள்ளனா?” கூத்தில் அரசனானாலும் ஆண்டியானாலும், தன் வரவுப் பாட்டைப் பாடி ஆடிய பிறகுதான் வாய் திறக்கலாம். அவன் பாடும் அடியைப் பின்னால் நிற்பவர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அதைப் பிற்பாட்டு என்பார்கள். எங்கள் நுளம்போ மூலையிலிருந்து வந்த கையோடு பேசத் தொடங்கிவிடும். பொம்மைப் படத்தைச் செய்த வெள்ளைக்காரனுக்கு வரவு எங்கே தெரியப்போகிறது? அதற்கும் அண்ணனே வழி கண்டுபிடித்தார். மெஷினில் படத்தை ஓடாமல் பிடித்து வைக்க ஒரு கைப்பிடி உண்டு. நுளம்பு துணியில் தோன்றிய இடத்தில் நான் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் இரண்டடி வரவு பாடுவார். பாடி முடிந்ததும் விட வேண்டும். அதில் ஓர் ஆபத்து இருந்தது. மெஷின் விளக்கின் சூடு சும்மா சூடல்ல. நின்றுபோன படம் அதைப் பன்னிரண்டு எண்ணும் வரைதான் பொறுக்கும். அதற்குமேல் போனால் படம் கருகும். அவருடைய இரண்டடி பத்து எண்ணிக்கைக்குள் முடிந்தது. நானும் சம்மதித்தேன்.

“குட்டையிலே பிறந்தவராம், கூரையிலே உறங்குறவராம், ரத்தவரி கேட்டு நுளம்பு ராசன் கொலு வாறாரே!” இதுதான் அந்த வரவு. முதல் முறை களுதாவளைப் பக்கத்தில் அதைப் பாடினார். துணியில் நுளம்பு அசையாமல் காற்றில் மட்டும் நெளிந்துகொண்டு நிற்க, இருட்டிலிருந்து அந்தக் குரல் எழும்ப, நான் பத்து எண்ணிக் கையை விட, நுளம்பு சிறகடித்துப் புறப்பட்டது. சனம் எழும்பி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மூன்று வருடம் நாங்கள் போகாத கரையில்லை. மாங்கேணியில் கரைவலைக்காரர் வலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஓர் ஊரில் மருந்தடிக்கப் போனவர்களிடம் ஒரு கிழவர், “ராசன் உள்ள இருக்காரோ எண்டு ஒருக்காக் கேட்டுட்டு அடிங்க மனே” என்றாராம். அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு ஒரு ஊரும் தனியாக ஞாபகத்துக்கு வருவதில்லை. நீண்ட ஒரே மாலைநேரமாக அது இருக்கிறது. வண்டி துறையில் ஏறி இறங்குகிறது, தண்ணீரில் விளக்குகள் மிதக்கின்றன, அண்ணன் எனக்கு முன்னால் துணியைப் பார்த்தபடி நின்று பாடுகிறார். அப்போது நான் சந்தோஷமாக இருந்தேன். அது சந்தோஷம் என்று அப்போது தெரியாது, அவ்வளவுதான்.

நாங்கள் இருவருமே தற்காலிக ஆட்கள். என்னை நிரந்தரமாக்கும் கடிதம் கொழும்பில் ஒரு பெரிய அதிகாரியின் மேசையில் கிடந்தது. நிரந்தர உத்தியோகம் என்றால்தான் பெண் தருவோம் என்று பட்டினத்தில் ஒரு வீட்டில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்ணை நான் மாதா கோயிலில் பார்த்திருந்தேன், பார்த்த நாளிலிருந்து பூசையில் எனக்குக் கவனமில்லை. அண்ணனுக்கும் ஒரு கடிதம் போயிருந்தது. விளக்கவுரையாளர் என்று ஒரு பதவி புதிதாக உண்டாக்கி அவரை அதில் போடலாம் என்று எங்கள் கந்தோர்ப் பெரியவர் எழுதியிருந்தார். அது கிடைத்தால் அவர் இனி வட்டையில் கூலிக்கு நெல் அரிவி வெட்டப் போகத் தேவையில்லை. “தொண்டையாலயே சோறு தின்னப் போறன்கா” என்று மனைவியிடம் சொல்லிவிட்டாராம். அந்த அதிகாரி எங்கள் படக்காட்சியைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்ய ரயிலில் வந்தார். வாழைச்சேனைப் பக்கத்தில் வாவிக்கரையில் துணி கட்டினோம்.

அன்று வந்த சனத்துக்குக் கரை போதவில்லை. அதிகாரி முன்வரிசையில் கதிரையில் இருந்தார். கிணற்றுப் படம் போனது, நாற்றுப் படம் போனது. பொம்மைப் படம் தொடங்கியது. நுளம்பு மூலையில் தோன்றியதும் கைப்பிடியைப் பிடித்தேன். அண்ணன் பாடினார். அன்றைக்குப் போல அவர் ஒருநாளும் பாடியதில்லை. குரல் வாவிக்கு அக்கரையில் போய்ப் பட்டுத் திரும்பி வருவது போலிருந்தது. இரண்டாவது அடி முடிந்தது. நான் கையை விட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, எங்கிருந்து வந்தது என்று தெரியாது, நான் வாயைத் திறந்து அந்த அடியை வாங்கித் திருப்பிப் பாடினேன். கூத்தில் ஆடாதவன், கோயில் பாட்டுக் கோஷ்டியிலிருந்தே கழிக்கப்பட்டவன் நான். கண்ணை மூடிக்கொண்டு, “ரத்தவரி கேட்டு நுளம்பு ராசன் கொலு வாறாரே” என்று முழுதாகப் பாடினேன். கண்ணைத் திறந்தபோது துணியில் ராசனின் நெஞ்சில் ஒரு மண்ணிறப் புள்ளி. அது பொங்கி விரிந்தது. மீசை போனது, சிறகு போனது, படம் அறுந்து சக்கரத்தில் படபடவென்று அடித்தது. துணி வெறும் வெள்ளையாக நின்றது.

அண்ணன் நிறுத்தவில்லை. வெறும் வெளிச்சத்தைப் பார்த்தபடியே முழுக் கதையையும் பேசினார். நுளம்பு கெஞ்சியது, வீட்டுக்காரி ஏசினாள், பசு அலுத்துக்கொண்டது, மருந்துக்காரன் வந்தான், ராசன் விழுந்து செத்தான். சனம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ராசன் பிழைக்கப் பார்த்து வாவிக்கு மேலால் பறந்து ஓடியதைத் தன் கண்ணால் கண்டதாகப் பின்னாளில் ஒரு வாழைச்சேனைக்காரர் என்னிடமே சத்தியம் செய்தார். அப்படி ஒரு காட்சி படத்தில் இல்லை. அதிகாரி மட்டும் கதிரையிலிருந்து எழும்பி மெஷினைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்.

மறுநாள் கந்தோரில் விசாரணை. அரசாங்கத்தின் ஒரே பிரதி. யார் நிறுத்தியது, எதற்காக? நான் வாய் திறக்குமுன் அண்ணன் முன்னுக்குப் போய்க் கைகட்டி நின்றார். “ரெண்டடி எண்டுதான் ஐயா பேச்சு. நான்தான் சபையக் கண்டதும் நீட்டிப்போட்டன். தம்பி நான் சொன்னதக் கேட்டவன். அவன் என்ன செய்வான்?” அதிகாரி என்னைப் பார்த்து, “அப்படியா?” என்று கேட்டார். கோயிலில் பார்த்த அந்தப் பெண்ணின் முகமும், மேசையில் கிடந்த கடிதமும், இரண்டும்தான் கண்ணில் தெரிந்தன. “ஓம் ஐயா” என்றேன். ஒரே ஒரு சொல். அண்ணன் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. வேலை போய், பின்னேரம் தன் பையை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனவரை நான் ஜன்னலால் பார்த்தேன், வாசலுக்கு நான் போகவில்லை.

என் கடிதம் வந்தது. கலியாணமும் நடந்தது. அண்ணனுக்குக் கலியாணப் பத்திரிகை கொடுக்கப் போக வேண்டும் என்று நாளைக் கடத்திக் கடத்திக் கலியாண நாளே கடந்துவிட்டது. அவர் கொழும்புக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வானொலியில் நாடகத்துக்கு ஆள் தேடிய யாரோ அவருடைய பகிடியைக் கேட்டு எடுத்திருக்கிறார்கள். அங்கேயும் யாரும் அவருக்கு ராசமுடி வைக்கவில்லை. கதவைத் திறக்கும் வேலைக்காரன், இரண்டாம் பொலிஸ்காரன், பால் கொண்டுவரும் கிழவன், சிறுவர் நிகழ்ச்சியில் கிளி, நாய், குரங்கு. பிறகு தியேட்டரில் படம் தொடங்குமுன் காட்டுகிற விளம்பரப் பொம்மைப் படங்களுக்குக் குரல் கொடுத்தார். அவர் பெயரை எங்கேயும் சொன்னதில்லை. எனக்கு மட்டும் பெயர் தேவைப்படவில்லை. தேநீர்க் கடை வானொலியில் ஒரு கிளி கத்தினாலும் இது அவர் மூக்கு என்று தெரிந்துவிடும். பாதித் தேநீரோடு எழும்பிவிடுவேன். ஒருமுறை மனைவியோடு பட்டினத்தில் படம் பார்க்கப் போயிருந்தேன். சவர்க்காரத்தைத் திருடிக்கொண்டு பறந்த ஒரு காகம், நான் தினமும் காதில் வைத்திருந்த அதே குரலில் பேசியது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கச்சான் கடலை வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்து, படம் பாதி ஓடும் வரை தெருவில் நின்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது குறுகுறுத்தது காதில். இன்று என் பேரப்பிள்ளைகளின் தொலைக்காட்சியில் கரடியும் தாராக் குஞ்சும் நாள் முழுக்கத் தமிழ் பேசுகின்றன. பிள்ளைகள் மிருகத்தைப் பார்க்கிறார்கள். நான் பின்னால் நிற்கும் மனிதரை யோசிக்கிறேன்.

இந்த ஓம் என்ற சொல்லை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல் விடவில்லை. பெரிய வெள்ளி தவறாமல், பன்னிரண்டு வருடம் சொன்னேன். பழைய சுவாமி மன்னிப்பும் செபமும் தந்து அனுப்பிவிடுவார். புதிதாக வந்த சுவாமி கொஞ்சம் கடுகடுத்தவர். “ஒவ்வொரு வருசமும் ஆண்டவரிட்டச் சொல்லுறீர். அவருக்கு இது மனப்பாடம். அந்த மனிசனிட்ட எப்ப சொல்லப் போறீர்?” என்று கேட்டார். வெட்கமாகிவிட்டது. அண்ணன் கொழும்பை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டதாக அதற்கு முந்திய மாதம்தான் கேள்விப்பட்டிருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு துறைக்குப் போய் படுவான்கரைக்கு ஏறினேன்.

முற்றத்தில் வலை முடிந்துகொண்டிருந்தார். காது மட்டும் அப்படியே இருந்தது; மற்றதெல்லாம் பாதியாகிவிட்டது. “ஆரு வந்திருக்காரு பாருங்க” என்று அக்கா, அவருடைய மனைவி, சொல்லுமுன்னே நிமிர்ந்து பார்த்து, “ஒப்பரேட்டர் தம்பி” என்றார். அதைச் சொல்ல ஒரு மிருகத்தின் குரலையும் எடுக்கவில்லை. இது அவருடைய சொந்தக் குரல் என்று எனக்குச் சட்டென்று பட்டது: கொஞ்சம் கரகரப்பான, மெதுவான, சாதாரணக் குரல். நான் வழியெல்லாம் வசனங்கள் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அதற்குள் அவரே தொடங்கினார்.

“அண்டைக்கு நான் பாடினது ரெண்டடிதான். நீ வாங்கிப் பாடினாய். பின்னால கிறுகிப் பார்த்தன். கண்ண மூடிக்கிட்டு நிண்டாய். ஒரு சத்தம் போட்டிருந்தா விட்டிருப்பாய். நான் போடல்ல.”

“ஏன் அண்ணே?”

“மூண்டு வருசம் தனிய நிண்டு பாடின மனிசன் நான். மைக் திருப்பிப் பாடுமா? அண்டைக்குத்தான் ஆரோ என்ர அடிய வாங்கினாங்க. அது முடியட்டும் எண்டு நிண்டன். விசாரணையில நான் சொன்னது முழுப் பொய்யில்ல மனே. மறுகா கொழும்பில கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிண்டு நாயாக் குரைச்ச நேரமெல்லாம் அத நினைச்சிருக்கன்.”

எனக்கு நெஞ்சு லேசானது. ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் நினைத்தது என்னைப் பற்றித்தான். “அப்ப என்னில பிழை இல்லையா அண்ணே?” என்று கேட்டேன். வெட்கம் கெட்ட கேள்வி.

அவர் வலையைக் கீழே வைத்தார். “படம் எரிஞ்சதுக்கு நாம ரெண்டு பேரும்,” என்றார். “நீ பன்னிரண்டு வருசம் வராம விட்டதுக்கு நீ மட்டுந்தான்.”

அக்கா வாசலில் நின்றபடி சொன்னாள்: “ஒவ்வொரு சித்திரைக்கும் கொழும்பால வந்து பையை வைக்கமுன்னமே கேட்பாரு, தம்பி வந்தவனா எண்டு. நான் என்ன சொல்லுற?” பன்னிரண்டு சித்திரைகள். வாவியின் இந்தக் கரையில் அவர் கேட்டுக்கொண்டிருக்க, அந்தக் கரையில் நான் அவருடைய குரல் கேட்ட இடமெல்லாம் எழும்பி ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். அவரை விட்டால் அந்த நீண்ட மாலைநேரத்தைப் பற்றிப் பேச எனக்கு உலகத்தில் வேறு ஒருவரும் இல்லை. அவருக்கும் இருந்திருக்கவில்லை.

அக்கா சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். கையைக் கழுவிவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒரு பிடி எடுத்தேன், திரும்பச் சோற்றிலேயே வைத்தேன்.

“அண்டைக்குக் கந்தோரில அந்த ‘ஓம்’ எண்டது நான்தான் அண்ணே,” என்றேன்.

“எனக்குக் கேட்டதுதானே,” என்றார். “சாப்பிடு.”